வயல் மருந்தும் சிறுநீரக ஆர்கனாய்டு சிப்பும்: பிடிஎம்எஸ்ஸிலேயே போகலாமா, அக்ரிலிக்குக்கு மாறணுமா?

குடமுருட்டி

எல்லோருக்கும் வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆய்வகத்தில் நடக்கிற வேலை. டெல்டாவில் நெல் வயலில் போடுகிற, முன்பு போட்டுவந்த மருந்துகள் மனிதச் சிறுநீரகக் குழல் செல்களை என்ன செய்கின்றன என்று சிப்பில் பார்க்க வேண்டும். எடுத்துக்கொண்டவை: பியூட்டாகுளோர், பிரெட்டிலாகுளோர், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், இமிடாகுளோபிரிட், கிளைபோசேட்.

இப்போதைய அமைப்பு இது. ஐபிஎஸ் செல்லிலிருந்து (எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய தண்டுச் செல்) 21 நாள் வளர்த்த ஆர்கனாய்டு, அதாவது குட்டிச் சிறுநீரகம் போன்ற செல் உருண்டை, விட்டம் 500 மைக்ரான் அளவு. பிடிஎம்எஸ் (ஒளிபுகும் சிலிக்கோன் ரப்பர்) சிப், அடியில் கண்ணாடி ஸ்லைடு. சானல் 1 மிமீ அகலம், 0.2 மிமீ உயரம், 20 மிமீ நீளம். சானலின் தரையில் 1.5 மிமீ விட்டம், 1.5 மிமீ ஆழத்தில் 4 குழிகள். குழிக்கு ஒரு ஆர்கனாய்டு, மேலே மேட்ரிஜெல் (செல்களைத் தாங்கும் புரத ஜெல்). பெரிஸ்டால்டிக் பம்பில் (குழாயைப் பிசைந்து தள்ளுகிற பம்ப்) மணிக்கு 60 மைக்ரோலிட்டர் மீடியம். குழாய் 0.5 மிமீ உள்விட்ட சிலிக்கோன், சிப் ஒன்றுக்கு ஒரு மீட்டர்.

சிக்கல் மூன்று. 96 குழித் தட்டில் பியூட்டாகுளோர் தெளிவாகப் பாதிப்பு காட்டுகிற அதே அளவு, சிப்பில் ஒன்றுமே செய்யவில்லை, குளோர்பைரிபாஸும் அப்படியே. கிளைபோசேட் மட்டும் இரண்டிலும் ஒரே மாதிரி வருகிறது. அடுத்தது, மருந்தே போடாத சிப்பிலும் ஆர்கனாய்டின் நடுப்பகுதி கறுத்துச் சாகிறது. மூன்றாவது, காற்றுக் குமிழ். ஓட்டம் இருப்பதால் செல்கள் வலுவாகிவிட்டன, அதனால்தான் மருந்தைத் தாங்குகின்றன என்று எழுதலாமா?

அரசலாறு

அப்படி எழுதிவிடாதீர்கள். செல்கள் தாங்கவில்லை, மருந்து செல்லுக்குப் போய்ச் சேரவே இல்லை. உங்கள் பட்டியலை எண்ணெய்-நீர்ப் பங்கீட்டு எண்ணான லாக் பி வரிசையில் வைத்துப் பாருங்கள், விடை அதிலேயே இருக்கிறது. கிளைபோசேட் மைனஸ் 3-க்கும் கீழே. மோனோகுரோட்டோபாஸ் மைனஸ் 0.2. இமிடாகுளோபிரிட் 0.57. இந்த மூன்றும் தண்ணீரோடு போகிறவை. பிரெட்டிலாகுளோர் 4 சுமார், பியூட்டாகுளோர் 4.5, குளோர்பைரிபாஸ் 4.7-க்கு மேல். இந்த மூன்றும் எண்ணெய்ப் பசை உள்ள எதைக் கண்டாலும் அதற்குள் இறங்கிவிடும். பிடிஎம்எஸ் அப்படிப்பட்ட பொருள்தான். சிறிய, நீர்வெறுக்கும் மூலக்கூறுகளை அது உறிஞ்சுவதை டோப்கேயும் பீபியும் 2006-லேயே காட்டிவிட்டார்கள். லாக் பி 2.5-ஐத் தாண்டினால் பிடிஎம்எஸ்ஸில் போட்ட அளவை நம்பக்கூடாது என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் சானலின் கொள்ளளவு 1 × 0.2 × 20 = 4 மைக்ரோலிட்டர். அதைச் சுற்றியுள்ள பிடிஎம்எஸ் பாளம் 30 × 20 × 5 மிமீ என்று வைத்தால் 3,000 மைக்ரோலிட்டர். 750 மடங்கு. ஒரு நாள் முழுக்க நீங்கள் ஓட்டுகிற மீடியமே 1.44 மில்லிலிட்டர்தான், பாளத்தின் பருமனில் பாதி. முதலில் மருந்து கலந்த நீரை ஓட்டிப் பாளத்தை நிறைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இந்த விகிதத்தில் அது நடக்காது. நடந்தாலும், பிறகு மருந்தை நிறுத்தி மீட்சியைப் பார்க்கிற சோதனையில் பாளம் திருப்பிக் கசியவிடும்.

இன்னொன்று. சிலிக்கோன் குழாய் என்பதும் பிடிஎம்எஸ்தான். ஒரு மீட்டர் குழாயின் உட்பரப்பு 15.7 சதுர செமீ. சானலின் உட்பரப்பு அரை சதுர செமீகூட இல்லை. சிப்பை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயை விட்டுவைத்தால் மருந்து சிப்புக்கு வருமுன்பே காணாமல் போகும். முதலில் மாற்ற வேண்டியது குழாயைத்தான்.

குடமுருட்டி

நன்றி சார். அப்படியானால் எல்லா மருந்துக்கும் ஒரே பொருளில் சிப் செய்வது நல்லதா, இல்லை கரைகிற மூன்றை மட்டும் பிடிஎம்எஸ்ஸில் ஓட்டலாமா?

அரசலாறு

ஒரே பொருளில் செய்யுங்கள். மருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிடத்தானே வேலை. சிப் பொருள் மாறினால் ஆக்சிஜன் மாறும், அது மாறினால் செல்லின் தாங்குதிறனும் மாறும். அக்ரிலிக் அல்லது சிஓசி (இதுவும் கடினப் பிளாஸ்டிக்) எடுக்கலாம். அவையும் கொஞ்சம் ஒட்டவைக்கத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் மேற்பரப்பில் ஒட்டுவதோடு நின்றுவிடும்.

வெண்ணாற்றங்கரை

அக்ரிலிக்குக்கு மாறும் முன் ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கணும். பிடிஎம்எஸ் மருந்தை விழுங்கும், ஆனா மூச்சு விடும். அக்ரிலிக் விழுங்காது, மூச்சும் விடாது. அதுவரைக்கும் சுவர் வழியா இலவசமா வந்த ஆக்சிஜனை இனி மீடியம்தான் சுமந்து வரணும்.

37 டிகிரியில், காற்றோடு சமநிலையில் இருக்கிற மீடியத்தில் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.2 மில்லிமோலார். மணிக்கு 60 மைக்ரோலிட்டர் ஓட்டினா மணிக்கு 12 நானோமோல் வரும். 500 மைக்ரான் ஆர்கனாய்டின் பருமன் 0.065 கன மிமீ. செல் ஒன்று 2 பிகோலிட்டர்னு எடுத்து, இடைவெளியைக் கழிச்சா 25,000 செல் இருக்கும். செல் ஒன்று நொடிக்கு 50 அட்டோமோல் எடுக்குதுன்னு வைங்க. நாலு ஆர்கனாய்டுக்கு மணிக்கு 18 நானோமோல் தேவை. வரவு 12, செலவு 18. பிடிஎம்எஸ் சுவர்தான் இதுவரை ஈடுகட்டியிருக்கு.

நடுப்பகுதி சாவதற்குக் குழியின் ஆழமும் ஒரு காரணம். ஆர்கனாய்டு குழியின் அடியில, கண்ணாடி மேல உட்கார்ந்திருக்கு. அதுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில 1 மிமீ ஜெல். ஜெல்லுக்குள்ள ஆக்சிஜன் பரவுகெழு நொடிக்கு 2.7 × 10⁻⁹ சதுர மீட்டர். 1.5 மிமீ வாய் வழியா, 1 மிமீ ஆழத்துக்கு, மணிக்கு அதிகபட்சம் 3.4 நானோமோல்தான் இறங்கும். ஆர்கனாய்டு கேக்கிறது 4.5. அதாவது மேலே ஓட்டத்தை எவ்வளவு கூட்டினாலும் கீழே போய்ச் சேராது. ஜெல் மூடாக்கை 0.2 மிமீ ஆக்கினா இதே வாய் வழியா 17 நானோமோல் இறங்கும். குழி ஆழத்தை 0.6 மிமீக்குக் குறைங்க, ஆர்கனாய்டு அளவையும் குறைங்க.

மருதம்

குடமுருட்டி தம்பி, அளவைப் பற்றி நான் சேர்த்துக்கொள்கிறேன். மேற்பரப்பிலிருந்து 150 முதல் 200 மைக்ரான் வரைதான் ஆக்சிஜன் உருப்படியாக உள்ளே போகும். ஆகவே 350 மைக்ரானுக்கு மேல் போனதை எடுக்காதீர்கள். 300, 200 மைக்ரான் சல்லடை இரண்டையும் அடுக்கி, மேலே நின்றதையும் கீழே விழுந்ததையும் ஒதுக்கிவிட்டு நடுவில் தங்கியதை மட்டும் எடுங்கள். உறிஞ்ச 200 மைக்ரோலிட்டர் டிப்பின் நுனியை மலட்டுக் கத்தியால் வெட்டி, வாயை 1 மிமீக்கு மேல் அகலமாக்கிக்கொள்ளுங்கள். வெட்டாத டிப்பின் நுனி குறுகல், ஓரத்துக் குழல்கள் உரிந்து வந்துவிடும். அந்தக் காயமே கிம்-1-ஐ (குழல் செல் காயம்பட்டால் கூடும் புரதம்) ஏற்றிவிடும், மருந்தின் மேல் பழி விழும்.

350 மைக்ரான் என்றால் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 செல். நாலுக்கும் சேர்த்து மணிக்கு 8 நானோமோலுக்குள் அடங்கிவிடும்.

புதுஆறு

சிறுநீரகக் குழலுக்கு 0.2 டைன் உராய்வு விசை வேண்டும் என்று 2013-ல் வந்த குழல் சிப் ஆய்வில் படித்தோம். இந்தச் சானலில் அதற்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும்?

வெண்ணாற்றங்கரை

சூத்திரம்: சுவர் விசை = 6 × பாகுநிலை × ஓட்டம் ÷ (அகலம் × உயரம்²). பாகுநிலை 0.7 மில்லிபாஸ்கல்-நொடி. மணிக்கு 60 மைக்ரோலிட்டருக்கு 0.0175 டைன்/ச.செமீ வருது. 0.2 வேணும்னா மணிக்கு 690 மைக்ரோலிட்டர், நாளைக்கு சிப்புக்கு 16 மில்லிலிட்டருக்கு மேலே. உயரத்தைப் பாதியாக்கினா அதே ஓட்டத்துக்கு விசை நாலு மடங்கு.

மருதம்

ஆனால் இந்தச் சோதனைக்கு 0.2-ஐத் துரத்த வேண்டியதில்லை. அந்த எண், தட்டையாகப் படிந்த குழல் செல்களின் உள்முகத்தில் நேரே ஓடுகிற ஓட்டத்துக்கு உரியது. ஆர்கனாய்டில் குழல்களின் உள்வெளி மூடியே இருக்கிறது. வெளியே ஓடுகிற மீடியம் உள்ளே நுழையாது. அதிலும் நம் ஆர்கனாய்டு ஜெல்லுக்கு அடியில் கிடக்கிறது. இங்கே ஓட்டத்தின் வேலை ஆக்சிஜன், சத்து, மருந்து மூன்றையும் கொண்டுவருவது, கழிவை எடுத்துப் போவது, அவ்வளவுதான். 2019-ல் ஹோமன், மோரிசானே, லூயிஸ் குழுவினர் ஓட்டத்தால் ஆர்கனாய்டில் இரத்தக் குழாய் வலை பெருகுவதைக் காட்டினார்கள். அங்கே ஆர்கனாய்டு ஜெல்லின் மேல், ஓட்டத்துக்கு நேர்முகமாக, முதிராத கட்டத்திலேயே வைக்கப்பட்டது. அந்த நோக்கம் வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே சிப்பில் கலக்க வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை

சரியான பேச்சு. அப்போ ஆக்சிஜனை வைத்தே ஓட்டத்தை முடிவு பண்ணலாம். வருகிற ஆக்சிஜனில் கால் பங்குக்கு மேல செல்கள் எடுக்கக்கூடாது, இல்லேன்னா முதல் குழிக்கும் நாலாவது குழிக்கும் நிலைமை வேறயாகிடும். 8 நானோமோல் தேவைக்கு மணிக்கு 200 மைக்ரோலிட்டர். 40 நானோமோல் வரும், அதில் ஐந்தில் ஒன்றுதான் செலவு. உராய்வு விசை 0.06 டைன் அளவு. நாளைக்கு 4.8 மில்லிலிட்டர்.

மருதம்

கடைசிக் கட்ட மீடியத்தில் வளர்ச்சிக் காரணி எதுவும் இல்லை, வெறும் அடிப்படை மீடியம்தான். 4.8 மில்லிலிட்டர் கட்டுபடியாகும், வெளிவந்த மீடியத்தைத் திரும்பச் சுற்றிவிட வேண்டாம். சுற்றிவிட்டால் மருந்தின் அளவும் கழிவும் நேரத்தோடு மாறிக்கொண்டே இருக்கும்.

கல்லணை மெக்கானிக்கல்

அக்ரிலிக் செய்முறையை எழுதுகிறேன். தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி எங்கே போனாலும் பெயர்ப்பலகைக் கடையில் லேசர் வெட்டு இயந்திரம் இருக்கிறது. வெளி வடிவம், திருகுத் துளை, குழாய்த் துளைக்கு அது போதும். 0.2 மிமீ ஆழச் சானலை மட்டும் லேசரில் செதுக்க வேண்டாம். தரை சொரசொரப்பாகிக் குமிழ் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சிறு சிஎன்சி-யில் 0.5 அல்லது 1 மிமீ எண்ட் மில் போட்டுச் செதுக்குங்கள்.

தகடு வாங்கும்போது வார்ப்புத் தகடு என்று கேட்டு வாங்குங்கள். பிதுக்கித் தயாரித்த தகட்டில் உள்தகைவு அதிகம். லேசர் வெட்டிய பிறகு எத்தனால் பட்டால் ஓரமெல்லாம் நூல் நூலாக விரிசல் விடும். எந்தத் தகடானாலும் வெட்டிச் செதுக்கி முடித்ததும் 80 டிகிரி அவனில் சில மணி நேரம் வைத்து, அவனை அணைத்து, கதவைத் திறக்காமல் ஆறவிடுங்கள். பிறகுதான் ஒட்டு.

ஒட்டுவதற்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை இரண்டு முகத்துக்கும் நடுவில் சொட்டு விட்டு, கிளிப் அழுத்தத்தில் 65 முதல் 70 டிகிரியில் 10–15 நிமிடம். அதிக நேரம் விட்டால் சானல் தொய்ந்து உயரம் குறையும். உயரம் குறைந்தால் வெண்ணாற்றங்கரை போட்ட கணக்கு முழுவதும் மாறும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிப்பைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் உயரம் பாருங்கள். இருபக்க ஒட்டுநாடா வைத்து ஒட்டுவது சுலபம்தான், ஆனால் பியூட்டாகுளோர் நாடாவின் பசைக்குள் இறங்கும். இந்த வேலைக்கு வேண்டாம்.

ஒட்டி முடித்ததும் மலட்டு நீரை நிரப்பி 37 டிகிரியில் இரண்டு நாள் ஊறவிட்டு, நடுவில் நீரை மாற்றுங்கள். மீந்த மோனோமரும் ஆல்கஹாலும் வெளியேறும். ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. யுவி 30 நிமிடம் கொடுக்கலாம், ஆனால் அது வெளிப்புறத்துக்கு மட்டும்தான், அக்ரிலிக் வழியாக உள்ளே போகாது.

குடமுருட்டி

அண்ணா, ஜெல் சுவரை விட்டுக் கழன்று வருகிற பிரச்சினை அக்ரிலிக்கில் கூடுமா?

கல்லணை மெக்கானிக்கல்

கூடும். குழிக்கு மட்டும் பாலிடோபமின் பூச்சு கொடுங்கள்: 10 மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 8.5, அதில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமின், அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். கரைசல் பழுப்பாவது தெரியும். நன்றாகக் கழுவிவிட்டு ஜெல் வையுங்கள். பூச்சு சானல் முழுக்கப் பரவினால் அதுவும் மருந்தைப் பிடிக்கும், குழியோடு நிறுத்துங்கள்.

மருதம்

மேட்ரிஜெல்லைப் பற்றி டெல்டாவுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வருகிற பெட்டி சித்திரை வெயிலில் வண்டியில் நின்றுவிட்டால் உலர்பனிக்கட்டி ஆவியாகிப் போய்விடும். மேட்ரிஜெல் 10 டிகிரிக்கு மேல் போனாலே கட்டத் தொடங்கும். கட்டியதை மறுபடி குளிர வைத்துப் பயன்படுத்த வேண்டாம். வெள்ளி, சனி வந்து சேருகிற மாதிரி ஆர்டர் போடாதீர்கள். பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவுச் சீட்டு வைக்கச் சொல்லுங்கள். வந்ததும் 4 டிகிரியில் பனிக்கட்டிக்குள் ஒரு இரவு உருகவிட்டுப் பாருங்கள். திப்பித் திப்பியாகத் தெரிந்தால் அந்தப் புட்டியை ஒதுக்குங்கள். நல்லதைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 20-ல் வையுங்கள், ஒரு தடவைக்கு மேல் உருக்கக் கூடாது. டிப், சிப், குழாய் எல்லாமே முன்கூட்டிக் குளிர்ந்திருக்க வேண்டும். குழியில் விட்டு, ஆர்கனாய்டை வைத்து, 37 டிகிரியில் 30 நிமிடம்.

வெண்ணாற்றங்கரை

இப்போ குமிழ். உங்க மீடியம் பாட்டில் இன்குபேட்டருக்கு வெளியே ஏசி அறையில் இருக்கா?

குடமுருட்டி

ஆமாம் சார், 22 டிகிரி அறையில். குழாய் மட்டும் உள்ளே போகிறது.

வெண்ணாற்றங்கரை

அதான் காரணம். 22 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 8.7 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும், 37-ல் 6.7 மட்டும். மீதி கால் பங்கு சூடாகிற இடத்தில குமிழா வெளியே வரும். அந்த இடம் உங்க சிப். மீடியத்தை முதல் நாள் ராத்திரியே இன்குபேட்டருக்குள்ள, வடிகட்டி மூடி போட்டு வைங்க. அங்கேயே ஓட்டுங்க. பிஹெச்சும் அதனால நிலைக்கும், ஏன்னா அக்ரிலிக் சானலுக்குள்ள கார்பன் டை ஆக்சைடு சுவர் வழியா வராது, பாட்டிலில் என்ன பிஹெச்சோ அதுதான் சானலிலும். குழாயைச் செருகும்போது இரண்டு பக்கமும் சொட்டு நீர் திரண்டு நிற்கணும், சொட்டும் சொட்டும் சேர்ந்த பிறகு அழுத்துங்க.

பம்ப்பையும் விட்டுடலாம்னு சொல்றேன். பெரிஸ்டால்டிக்கில ரப்பர் குழாய் இல்லாம முடியாது. ஈர்ப்பு ஓட்டம் போதும். வாய்க்கால் தலைப்புக்கும் வயலுக்கும் உள்ள மட்ட வித்தியாசத்தை வைத்து மடையில தண்ணி விடுற மாதிரிதான். 5 செமீ மட்ட வித்தியாசம் 490 பாஸ்கல். சிப்பின் தடை இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லை. நேரா இணைச்சா மணிக்குப் பல மில்லிலிட்டர் பாய்ஞ்சிடும். தடைக்கு 0.178 மிமீ உள்விட்டப் பீக் (விறைப்பான பிளாஸ்டிக்) குழாய் 31 செமீ சேருங்க. மணிக்கு 200 மைக்ரோலிட்டர் வரும். ஓட்டத்தை அந்தக் குழாய்தான் தீர்மானிக்கும், சிப் இல்லை. அதனால ஆறு சிப்பை ஒரே பாட்டிலில் இணைச்சாலும் ஒவ்வொண்ணும் தன் அளவில ஓடும்.

கவனிக்க வேண்டியது இரண்டு. குழாய் ஆரம் 5 சதவீதம் கூடினாலே ஓட்டம் 20 சதவீதத்துக்கு மேல கூடும், ஆரத்தின் நாலாம் அடுக்கில போகிற சமாச்சாரம். அதனால ஒவ்வொரு குழாயையும் தனித்தனியா எடை போட்டு அளவிடுங்க; ஒரு மணி நேரத்துக்கு 0.2 கிராம். அதை 37 டிகிரியிலேயே செய்யணும். அறை வெப்பத்தில நீர் கெட்டி, ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல வித்தியாசப்படும். மேல் பாட்டிலில் சிப் ஒன்றுக்கு 10 சதுர செமீ பரப்பு இருந்தா நாளுக்கு மட்டம் அரை செமீதான் இறங்கும், ஓட்டம் 10 சதவீதம் குறையும். தினம் ஒரு வேளை நிரப்பினா போதும். கீழ் முனை சொட்டு வாயா, ஒரே உயரத்தில இருக்கட்டும்.

புதுஆறு

மின்தடை வந்தாலும் ஓடும் என்பது பெரிய லாபம். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் அடிக்கடி போகிறது.

வெண்ணாற்றங்கரை

அக்ரிலிக்கில அது லாபம் மட்டும் இல்லை, கட்டாயம். சானல் 4, நாலு குழி சேர்த்து இன்னொரு 4, ஆக 8 மைக்ரோலிட்டர் சுமார். அதில இருக்கிற ஆக்சிஜன் 1.6 நானோமோல். செல்களுக்கு மணிக்கு 8 வேணும். ஓட்டம் நின்னா 12 நிமிஷத்தில தீர்ந்துடும். பிடிஎம்எஸ்ஸில பம்ப் ஒரு மணி நேரம் நின்னா தெரியாது, இங்கே தெரியும். மின்தடைக்குப் பிறகு தானா பழைய வேகத்தில தொடங்காத பம்ப்புகளும் நிறைய. இன்குபேட்டர் கதவைத் திறக்காம வைங்க, வெப்பம் கொஞ்ச நேரம் நிற்கும்.

வயலூர் செல்வி

வேளாண் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. பியூட்டாகுளோர் 50 சதவீத ஈசி, ஏக்கருக்கு ஒரு லிட்டர், 20 கிலோ மணலில் கலந்து, நடவு முடிந்த 3, 4-ம் நாளில் வயலில் தண்ணீர் நிறுத்திக் கையால் தூவுகிறார்கள். குறுவையிலும் சம்பாவிலும் இதுதான் நடக்கிறது. தூவுகிறவரின் தோலில் படுவது தூய பியூட்டாகுளோர் மட்டும் இல்லை. ஈசி என்றால் கரைப்பானும் பால்மமாக்கியும் சேர்ந்தது. நீங்கள் கடை மருந்தைச் சிப்பில் விட்டால் பால்மமாக்கியே செல் சவ்வை உடைக்கும், பழி மூல மருந்தின் மேல் விழும். தூய தரப் பொருளையும் கடை மருந்தையும் தனித்தனி வரிசையாக வையுங்கள். மருந்து இல்லாத அதே கரைப்பான்-பால்மமாக்கிக் கலவை கிடைத்தால் மூன்றாவது வரிசை. அதோடு, பால்மமாக்கி தோலில் பட்டாலும் சிறுநீரகத்தை அதே அளவில் எட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் முடிவு எழுதும்போது தூய தரத்தின் வரிசையையே முதன்மையாக வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அரசலாறு

செல்வி மேடம் சொன்னது முக்கியம். கரைதிறனையும் பாருங்கள். பியூட்டாகுளோர் நீரில் லிட்டருக்கு 20 மில்லிகிராம் அளவுதான் கரையும், அது 64 மைக்ரோமோலார். குளோர்பைரிபாஸ் லிட்டருக்கு 1.4 மில்லிகிராம், 4 மைக்ரோமோலார். சீரம் இல்லாத மீடியத்தில் குளோர்பைரிபாஸ் 50 மைக்ரோமோலார் என்று வரைபடத்தில் புள்ளி வைத்தால் அது துளியாக மிதக்கிற மருந்து. துளி ஆர்கனாய்டில் ஒட்டிக்கொண்டால் அங்கே மட்டும் சாவு, மற்ற இடத்தில் ஒன்றுமில்லை. அல்புமின் சேர்த்தால் கரையும், ஒட்டுவதும் குறையும். ஆனால் செல்லுக்குக் கிடைக்கிற கட்டற்ற பங்கு குறையும், அதையும் தனியாக அளக்க வேண்டும்.

மருதம்

உயிரியல் பக்கம் மூன்று எச்சரிக்கை.

நேர்மறைக் கட்டுப்பாட்டுக்கு, அதாவது பாதிப்பு வந்தே தீரும் ஒப்பீட்டுக்கு, சிஸ்பிளாட்டின் (சிறுநீரகத்தைத் தாக்கும் புற்றுநோய் மருந்து) வைப்பீர்கள். அதை டிஎம்எஸ்ஓ-வில் (மருந்துகளுக்கு வழக்கமாக எடுக்கும் கரைப்பான்) கரைக்கவே கூடாது. டிஎம்எஸ்ஓ அதன் பிளாட்டினத்தோடு பிணைந்து வீரியத்தைக் கெடுத்துவிடும். 0.9 சதவீத உப்புக் கரைசலில், அன்றன்றைக்குப் புதிதாக. மற்ற மருந்துகளுக்கு டிஎம்எஸ்ஓ 0.1 சதவீதத்தைத் தாண்டாமல். மீடியத்தில் நுண்ணுயிர்க்கொல்லியாக ஜென்டமைசின் இருந்தால் எடுத்துவிடுங்கள். அதுவே சிறுநீரகக் குழலுக்கு நஞ்சு.

அடுத்தது முதிர்ச்சி. ஐபிஎஸ் ஆர்கனாய்டு, கருவின் முதல் மூன்று மாதச் சிறுநீரகத்தை ஒத்தது. மருந்தைச் செல்லுக்குள் இழுக்கிற ஓஏடி-1, ஓஏடி-3, ஓசிடி-2 கடத்திகள் அதில் குறைவு. கடத்தி வழியாக உள்ளே போகிற நஞ்சு இங்கே உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். ஆகவே பாதிப்பு இல்லை என்ற விடையை இந்த மாதிரியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது; பாதிப்பு உண்டு என்ற விடைதான் பேசும். வயது வந்தவரின் சிறுநீரகத் திசுவிலிருந்தும் சிறுநீரிலிருந்தும் டியூபுலாய்டு (குழல் செல்களால் ஆன உருண்டை) வளர்க்கிற முறையை 2019-ல் ஷுட்கென்ஸ், கிளெவர்ஸ் குழு வெளியிட்டது. குழல் செல்லுக்கு அது நெருக்கமான மாதிரி. அதைத் தட்டையாக விரித்து 0.2 டைன் ஓட்டம் கொடுத்தால் புதுஆறு கேட்ட எண்ணுக்கு அங்கே அர்த்தம் உண்டு. மனித மாதிரி என்பதால் நிறுவன நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில்.

மூன்றாவது, ஒரே வளர்ப்புத் தொகுதியிலிருந்து எடுத்த பத்துச் சிப் பத்துச் சான்று ஆகாது. தனித்தனியாகத் தொடங்கிய மூன்று வளர்ப்பாவது வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் நரம்பு போன்ற தேவையில்லாத செல்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

குடமுருட்டி

அக்கா, வெளியே வருகிற மீடியத்தில் கிம்-1 எலைசாவில் (புரதத்தை அளக்கும் சோதனை) சிக்கவில்லை. தட்டில் நன்றாகச் சிக்குகிறது. ஓட்டத்தை ஆறு மணி நேரம் நிறுத்திவிட்டு எடுக்கலாமா?

மருதம்

வெண்ணாற்றங்கரை 12 நிமிட கணக்கு போட்டுக் காட்டியிருக்கிறாரே, அக்ரிலிக்கில் நிறுத்தக்கூடாது. தட்டில் 0.2 மில்லிலிட்டரில் சேருவது இங்கே நாளுக்கு 4.8 மில்லிலிட்டரில் கரைகிறது, 24 மடங்கு நீர்த்தது. சொட்டு வாயின் கீழே பனிக்கட்டியில் வைத்த குழாயில் நாள் முழுதும் சேகரியுங்கள். பிறகு 10 கிலோடால்டன் வடிகட்டிக் குழாயில் மையவிலக்கில் சுழற்றி 0.2 மில்லிலிட்டராக்குங்கள். சிதறி வெளிவரும் கிம்-1 துண்டு 90 கிலோடால்டன் அளவு, வடிகட்டியில் தங்கும். அளவைக் கடைசியில் டிஎன்ஏ-வால் வகுத்து எழுதுங்கள், ஆர்கனாய்டு அளவு ஒன்றுபோல் இருக்காது. எல்டிஹெச் (சாகும் செல் வெளிவிடும் நொதி) 37 டிகிரியில் சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும், அதை நாள் முழுச் சேகரிப்பில் அளக்காதீர்கள். டியீஆர் கருவியும் (செல் அடுக்கின் மின்தடையை அளப்பது) இங்கே பயன்படாது, மூடிய உள்வெளிக்கு மின்முனை வைக்க வழியில்லை.

புதுஆறு

இதே சிப்பில் 39 டிகிரி வைத்து வெயில் வேலையையும் சேர்த்துப் பார்க்கலாமே? மருந்து தூவுகிறவர்கள் நீரில்லாமல் வெயிலில்தான் நிற்கிறார்கள்.

வயலூர் செல்வி

கேள்வி நியாயமானது. டெல்டாவுக்கு உண்மையில் தேவைப்படுவதும் அந்தச் சேர்க்கைதான். மருந்து மட்டும், வெப்பம் மட்டும் என்ற இரண்டு வரிசையும் நிலைத்த பிறகு சேருங்கள். 39 டிகிரியில் செல்லின் ஆக்சிஜன் தேவை கூடும், மீடியத்தில் கரைவது குறையும்; ஓட்டத்தைத் திரும்பக் கணக்கிடாவிட்டால் மூச்சுமுட்டலை வெப்பப் பாதிப்பு என்று எழுதிவிடுவீர்கள்.

கல்லணை மெக்கானிக்கல்

விதிமுறை பற்றி ஒரு வரி. 2023-ல் திருத்திய புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் ஆர்கனாய்டு, உறுப்புச் சிப் தரவுகளுக்கு இடம் கொடுக்கின்றன. அது மனிதர் சாப்பிடுகிற மருந்துக்கு. பூச்சிமருந்து 1968-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பத்தில் இரண்டையும் கலந்து எழுத வேண்டாம்.

குடமுருட்டி

குழாய், குழி ஆழம், ஆர்கனாய்டு அளவு, ஈர்ப்பு ஓட்டம் எல்லாம் மாற்றுகிறேன். கடைசியாக அரசலாறு சாரிடம்: செல் இல்லாத சிப்பில் மருந்து இழப்பை எப்படி அளப்பது? எத்தனை நேரம், எதை எடுப்பது?

அரசலாறு

செல் மட்டும்தான் இருக்கக்கூடாது. பாட்டில், பீக் குழாய், பாலிடோபமின், ஜெல், மீடியம், டிஎம்எஸ்ஓ அளவு எல்லாம் உண்மைச் சோதனையில் உள்ளபடியே. ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்த அளவு ஒன்று, கூடிய அளவு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று சிப். உண்மைச் சோதனை 48 மணி நேரம் என்றால் இதுவும் 48. முதல் எட்டு மணி நேரம் இரண்டு மணிக்கு ஒரு சேகரிப்பு, பிறகு 24, 36, 48-ல். பாட்டிலிலிருந்தும் அதே நேரங்களில் ஒரு மாதிரி, ஏனென்றால் பாட்டிலே குடித்துவிட்டால் சிப்பின் மேல் பழி போடக்கூடாது. பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். முடிந்ததும் சிப்பைக் காலி செய்து, மெத்தனாலில் கழுவி அந்தக் கழுவலையும் அளங்கள். அந்தச் சிப் அத்தோடு முடிந்தது, மெத்தனால் அக்ரிலிக்கைக் கெடுக்கும். வெளியே வந்ததையும் கழுவலில் கிடைத்ததையும் கூட்டி, உள்ளே விட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளிவருவது உள்ளே விட்டதில் 80 சதவீதத்துக்கு மேல், அதுவும் சில மணி நேரத்தில் சமநிலைக்கு வந்துவிட்டால் நல்லது. அதற்குக் கீழே போனால் வரைபடத்தின் கிடை அச்சில் நீங்கள் கலந்த அளவைப் போடாதீர்கள், வெளிவாயில் அளந்த அளவைப் போடுங்கள். கிளைபோசேட்டை வழக்கமான சி-18 நெடுவரிசை பிடித்துவைக்காது. எஃப்மாக் என்ற வினைபொருளோடு வினைப்படுத்தி ஓட்டுங்கள் அல்லது நீர்விரும்பும் பொருள்களைப் பிடிக்கிற ஹிலிக் நெடுவரிசை எடுங்கள். மற்ற ஐந்தும் ஒரே எல்சி-எம்எஸ் (நெடுவரிசையில் பிரித்து நிறையால் அளக்கும் கருவி) ஓட்டத்தில் வரும்.

தட்டிலும் இதே அளவீட்டைச் செய்யுங்கள். பாலிஸ்டைரீன் குழியும் குளோர்பைரிபாஸைப் பிடிக்கும். தட்டையும் சிப்பையும் ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டிலும் அளந்த எண் வேண்டும்.

குடமுருட்டி

சேகரிப்புக் குழாயாகச் சாதாரண 1.5 மில்லி பிளாஸ்டிக் குழாய் போதுமா சார்?

அரசலாறு

வேண்டாம், சொட்டுச் சொட்டாக விழுகிற மருந்து அந்தப் பிளாஸ்டிக் சுவரிலேயே ஒட்டும். கண்ணாடிக் குப்பி எடுத்து, சேகரிக்கப் போகிற அளவுக்குச் சமமாக அசிட்டோநைட்ரைலையும் (கரைப்பான்) உள்தரப் பொருளையும் (ஒப்பிட்டுக் கணக்கிடத் தெரிந்த அளவில் சேர்ப்பது) முன்பே அதில் ஊற்றி வைத்து, குப்பியை எடை போட்டுக்கொண்டு, வாயை மெல்லிய துளையுள்ள பிடிஎஃப்இ மூடியால் மூடி அதற்குள் சொட்ட விடுங்கள். அசிட்டோநைட்ரைல் கொஞ்சம் ஆவியாகும், அதனால்தான் உள்தரப் பொருள் முதலிலிருந்தே உள்ளே இருக்க வேண்டும். கிம்-1-க்கு எடுக்கிற சேகரிப்பு வேறு சிப்பிலிருந்து, அசிட்டோநைட்ரைல் இல்லாமல்.